கோமு அடுப்போடு பேசுகிறாள்

பயப்படாதீங்க தம்பி, நான் ஒண்ணும் விற்க வரவில்லை. கை இரண்டையும் பாருங்க, காலி. இந்த மஞ்சள் பையில் ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான் இருக்கிறது. நீங்க சன்னல் பக்கம் ஒதுங்கினபோதே புரிந்துவிட்டது, இந்த மூஞ்சியை எங்கேயோ பார்த்திருக்கீங்க. திருநெல்வேலி தென்காசி ரோட்டில் பஸ் ஏறின யாருக்கும் இந்த மூஞ்சி தெரியும். இஞ்சி மரப்பா வெயிலுமுத்து. பஸ் புறப்படுவதற்கு முன்னால் ஏறுவேன், பேட்டை தாண்டினதும் இறங்குவேன். நடுவில் நான் பேசுகிற பேச்சில், வயிறு நன்றாக இருக்கிறவனுக்கும் வயிறு உப்பிக்கொள்ளும். மரப்பா வாங்காமல் எங்கே போவான்?

அதெல்லாம் விட்டு ஒரு வருஷம் ஆகிறது. இப்போது சும்மா ஏறுகிறேன். டிக்கெட் எடுத்து, உங்களைப்போல உட்கார்ந்து வருகிறேன். ஆயுசு முழுக்க நின்றுகொண்டே பேசினவன் பாருங்க, உட்கார்ந்தால் பேச்சு இடுப்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதைத் தொண்டைக்கு ஏற்றுவதற்குள் பாதி ஊர் தாண்டிவிடுகிறது.

நீங்க தென்காசி. சொல்ல வேண்டாம், செருப்பைப் பார்த்தாலே தெரிகிறது. நான் ஆலங்குளம்.

இன்னைக்குத் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன். எனக்கு ஒண்ணும் இல்லை. என் வீட்டுக்காரி கோமு விஷயமாகப் போனேன். அவளுக்குப் பேச்சு நின்றுபோய், திரும்ப வந்தது. வந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஊரில் எல்லாரிடமும் பேசுகிறாள். எங்கிட்ட மட்டும் பேச மாட்டேன் என்கிறாள். ஒரு வார்த்தை தம்பி. திட்டாக இருந்தாலும் சரி, எனக்கென்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வாங்கிவிட வேண்டும். அதற்குத்தான் போனேன். கையை விரித்துவிட்டார்கள்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும். தென்காசிக்கு நேரம் இருக்கிறது.

போன வருஷம் சித்திரையில் ஒரு காலை. கோமு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பலகையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். திடீரென்று அவள் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. "ஏளா, கரண்டியப் பிடிக்கக்கூட வலு இல்லையா?" என்று கேட்டேன். கேட்டவுடனே எனக்கு ஒரு கதை ஞாபகம் வந்துவிட்டது. கரண்டியை விழுங்கின மாமியார் கதை. உங்களுக்கும் சொல்கிறேன், அப்புறம். நல்ல நீளமான கதை. சொல்ல ஆரம்பித்தேன். கோமு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் இமைக்கவில்லை. அட, இத்தனை வருஷத்தில் இன்னைக்குத்தான் கதையைக் கவனமாகக் கேட்கிறாள் என்று எனக்கு உற்சாகம். வழக்கமாகச் சேர்க்காத இரண்டு வளைவு நெளிவுகளைச் சேர்த்துச் சொன்னேன். தோசை கருகிப் புகை வந்த பிறகுதான் பார்க்கிறேன், வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது.

பக்கவாதம். ஆஸ்பத்திரியில் டாக்டர், எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டார். "ஒரு கதை நேரம் இருக்கும் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டர்களுக்கு வேலை அதிகம்.

வாய் நேராகிவிட்டது. கை திரும்பியது. காலை இழுத்து இழுத்து நடந்தவள் ஆடி பிறப்பதற்குள் நன்றாகவே நடந்தாள். பேச்சுதான் வரவில்லை. நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும். சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும். ஆனால் உதடு வரைக்கும் வந்து, வழி தெரியாத விருந்தாளி மாதிரி நின்றுவிடும்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், ஊர் என்னைத்தான் பேசியது. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "ஒம்ம நாக்குதான்யா அவளப் பிடிச்சிட்டு" என்றாள்.

எதற்கு அப்படிச் சொன்னாள் தெரியுமா? நான் பஸ்ஸில் மரப்பா விற்கும்போது ஒரு கதை சொல்வேன். எல்லா வியாபாரிக்கும் ஒரு கதை வேண்டும் இல்லையா? ஐயா, அம்மா, பெரியோர்களே, எனக்கு வாய்த்த மனைவி வாய் பேசாதவள், கல்யாணம் முடிந்து மூன்று வருஷம் ஒரு வார்த்தை கிடையாது என்று ஆரம்பிப்பேன். பஸ் அப்படியே அமைதியாகிவிடும். பொம்பளைகள் உச்சுக்கொட்டுவார்கள். ஒரு நாள் செரிக்காமல் கிடந்தாள் ஐயா, இந்த மரப்பா ஒரு துண்டு கொடுத்தேன், ஒரு ஏப்பம் விட்டாள், அந்த ஏப்பத்தோடு வெளியே வந்த பேச்சு இன்னைக்கு வரைக்கும் நிற்கவில்லை, இப்போ நான் ஊர் ஊராகத் தேடுவது அதை நிறுத்த ஒரு மருந்து, உங்களில் யாரிடமாவது இருந்தால் ஒரு பாக்கெட் மரப்பா இனாம் என்று முடிப்பேன். பஸ் குலுங்கும். டிரைவர் பிரேக்கில் கால் வைத்துச் சிரிப்பார்.

அது வியாபாரம். அதில் கோமுவுக்கு என்ன நட்டம்? அவளே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். கொக்கிரகுளத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பினவள் நான் ஏறின பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கவனிக்கவில்லை. கதையை முழுசாகச் சொல்லி முடித்து, பஸ் சிரிக்கும்போதுதான் பார்க்கிறேன், பொம்பளைகள் சீட்டில் கோமு. பக்கத்தில் இருந்தவள் அவளிடம் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். கோமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பேட்டை வருவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள், வெட்கம். அதற்கப்புறம் அவள் திருநெல்வேலிக்கு வந்தால் முக்கூடல் வழியாகச் சுற்றித்தான் வருவாள். இந்த ரோட்டில் ஏறவே மாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. பொம்பளைகளுக்கு ஒவ்வொருத்திக்கும் ஒரு ரோடு பிடிக்கும்.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், மரப்பா. ஊர் இப்படிப் பேசுகிறதே என்று எனக்கும் ஒரு ரோஷம். நாக்கு கொண்டுபோனதென்றால் நாக்கே திருப்பிக் கொண்டுவரட்டும் என்று, ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு தெளிந்த அன்னைக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு மரப்பா எடுத்து அவள் வாயில் வைத்தேன். "மெல்லு ளா, ஏப்பம் வரட்டும்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். மெல்லவில்லை. அப்புறம் இடது கையால் எடுத்து என் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டாள். எச்சிலோடு. மருந்து கசக்கிற நேரம், நாக்குக்கு ருசி தெரிந்திருக்காது.

அப்புறம்தான் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சொல்லிக்கொடுக்கிற பொண்ணு பெயர் ஹெப்சிபா. பாளையங்கோட்டைப் பொண்ணு, சின்ன வயசு, கண்ணாடி போட்டது, பொறுமையைக் கடைந்து செய்த மாதிரி ஒரு முகம். முதல் நாள் படம் படமாகக் காட்டியது. குடையைக் காட்டி, "இது என்னம்மா?" என்றது. கோமு உதட்டைக் குவித்தாள். நான் "குடை" என்றேன்.

"ஐயா, கேள்வி உங்களுக்கு இல்ல."

"தெரியும்மா. அவளுக்குத் தெரிஞ்சதுதான். நான் எடுத்துக் கொடுக்கேன்."

கோழியைக் காட்டியது. நான் சும்மாதான் இருந்தேன். ஆனால் கோழி என்றதும் ஒரு சங்கதி ஞாபகம் வந்துவிட்டது, எங்கள் தெருவில் ஒரு கோழி என் மரப்பாவைத் தின்றுவிட்டு இஞ்சி வாசத்தோடு முட்டையிட்ட சங்கதி. சுருக்கமாகத்தான் சொன்னேன். முடிப்பதற்குள் எங்களுக்கு ஒதுக்கின நேரம் முடிந்துவிட்டது.

அடுத்த தடவை அந்தப் பொண்ணு படத்தை விட்டுவிட்டு என்னைக் காட்டியது. "அம்மா, இவங்க யாரு? இவங்க பேரு சொல்லுங்க பார்ப்போம்."

கோமு என்னைப் பார்த்தாள். உதட்டை மடித்துக்கொண்டாள். பொண்ணு தன் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டது. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"யம்மா, அது சீக்கு இல்ல. எங்க பக்கத்துல புருசன் பேரைச் சொல்ல மாட்டாக. தாலி ஏறின நாள்லருந்து அவ சொன்னதே இல்ல. என் பேரு வெயிலுமுத்துன்னு, வெயில்ங்கிற வார்த்தையவே வாயில எடுக்க மாட்டா. உச்சி வேளையிலகூட ‘காட்டமா அடிக்கு’ன்னுதான் சொல்லுவா. அதுக்குப் போய் தப்புப் போடுதியே."

பொண்ணு பேனாவைக் கீழே வைத்துவிட்டது. "அப்ப இவங்களுக்குச் சொல்ல முடியலையா, சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டது. நான் கோமுவைப் பார்த்தேன். கோமு சன்னலைப் பார்த்தாள்.

அன்னைக்குத்தான் பொண்ணு ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுத்தது. "அம்மா, இனிமே வீட்டுல என்ன வேலை செஞ்சாலும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. யாரும் கேக்க வேண்டாம். உங்களுக்கு நீங்களே சொல்லுங்க. அரிசி எடுக்கேன், தண்ணி ஊத்துதேன், இப்படி. கை செய்யறத வாய் சொல்லும், வாய் சொல்லறத காது கேக்கும், மூளை திரும்பப் படிச்சிக்கும். எதைத் திரும்பத் திரும்பச் சொல்லுறீங்களோ அது நல்லா ஊறிப்போகும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைச் சொல்ல ஒரு படிப்பு எதற்கு? நோய் வருவதற்கு முன்னால் கோமு செய்துகொண்டிருந்ததே இதுதான். காலையில் எழுந்தால் அடுப்போடு பேசுவாள், அம்மியோடு பேசுவாள், துணி துவைத்தால் கல்லோடு பேசுவாள். நான் வீட்டுக்குள்ளே நுழைந்தால் நிறுத்துவாள். "ஏளா, அடுப்பு என்ன பதில் சொல்லிச்சு?" என்று கிண்டல் பண்ணுவேன். அப்போது அதற்குப் பெயர் கிறுக்கு. இப்போது அதற்குப் பெயர் பயிற்சி.

சரி, பயிற்சி என்றால் பயிற்சி. நான் எதிலும் அரைகுறை கிடையாது தம்பி. மறுநாளே மரப்பா வியாபாரத்தை விட்டேன். அடுப்பங்கரையில் அவள் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்தேன். அவள் படியை எடுத்து, "அ…" என்பாள். நான், "அரிசி! அரிசி எடுக்கேன்! சொல்லு!" என்பேன். அவள் குடத்தைச் சாய்த்தால், "தண்ணி ஊத்துதேன்!" என்பேன். கரண்டியைத் தொட்டால், "கிண்டுதேன், கிண்டுதேன்!" ஒரு மாசம் இடைவிடாமல் செய்தேன். எனக்கு நல்ல முன்னேற்றம். அதற்கு முன்னால் வெந்தயம் எது கடுகு எது என்று எனக்குத் தெரியாது, இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கோமு "அ…"விலேயே நின்றாள்.

ஹெப்சிபா சோதித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாரு பேசுறா?" என்று கேட்டது.

"நாங்க ரெண்டு பேரும்தான்" என்றேன்.

கோமு ஒரு விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. இனி காலையில் அடுப்பு பற்ற வைப்பதிலிருந்து மத்தியானம் சோறு இறக்குகிற வரைக்கும் நான் வீட்டில் இருக்கக் கூடாது. "எங்கயாவது போயிட்டு வாங்க ஐயா. முதல் ஆறு மாசந்தான் பேச்சு சுலபமா ஏறும், அதுல பாதி போயிட்டு" என்றது. எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான், பஸ். ஏறினேன். அன்னைக்கிலிருந்து இந்த ரோட்டில் போவதும் வருவதும்தான். உங்களைப்போல யாராவது கிடைப்பார்கள், ஏதோ நாலு வார்த்தை.

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க, இதை முடித்துவிடுகிறேன். மறந்துபோகும்.

ஒரு வாரம் கழித்து, பாதி வழியில் பஸ் பஞ்சர் ஆகி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறிச் சீக்கிரமே திரும்பிவிட்டேன். வீட்டு வாசலுக்கு வந்தால் உள்ளே யாரோ பேசுகிற சத்தம். யாரோ விருந்தாளி என்று நினைத்தேன். காதைக் கொடுத்தேன். "சட்டி… வைக்கேன்" என்று கேட்டது. அப்புறம் "எண்ண… எண்ண… ஊத்துதேன்." கோமுவின் குரல்தான். துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி இருந்தது, ஆனால் அவள் குரல். அங்கேயே செருப்பின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கடுகு போட்டாள். வெங்காயம் அரிந்தாள். ஒவ்வொன்றையும் அடுப்புக்குச் சொல்லிச் சொல்லிச் செய்தாள். தாங்க முடியாமல் "கோமூ!" என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். பேச்சு நின்றது. குழாயை மூடின மாதிரி நின்றது.

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். பஸ்ஸிலிருந்து கொஞ்சம் முந்தியே இறங்கி, வாசலில் நின்று கேட்பேன். வாரத்துக்கு வாரம் பேச்சு நீண்டது. "தக்காளி அழுகியிருக்கு, இத வைச்சு என்ன செய்ய?" என்று அடுப்பிடம் ஆலோசனையே கேட்டாள். எங்கள் சுவரில் உட்காருகிற காக்கை ஒன்று இதைக் கேட்டுக் கேட்டு, "உப்புப் போடுதேன், உப்புப் போடுதேன்" என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு பறந்தது. மூணு வீட்டில் குழம்பு கரித்துப்போனதற்கு அதுதான் காரணம். நம்பவில்லையா? சரி, காக்கையை விடுங்க. மற்றதெல்லாம் நிஜம்.

ஒரு நாள் "வெயில் வந்துட்டு, வத்தல் எடுத்துப் போடுதேன்" என்றாள். வெயில் என்றாள் தம்பி. என் பெயரில் பாதி. அந்தச் சந்தோஷத்தில் அன்னைக்குச் சோறே இறங்கவில்லை. இத்தனை வருஷம் காப்பாற்றின வார்த்தையை எதற்கு இப்போது விட்டாள் என்று யோசித்தேன். பிரியம் கூடினால் அப்படித்தான், மரியாதை குறையும்.

அப்புறம் மற்றவர்களோடும் பேச ஆரம்பித்தாள். சிலிண்டர் போட வந்தவனிடம், "மெதுவா வையி, தர ஒடைஞ்சிரும்" என்றாள். முழு வாக்கியம். அவன் யார்? மாசத்துக்கு ஒரு தரம் வருகிறவன். திருப்பூரில் இருக்கிற எங்கள் மகள் போன் பண்ணினால் சாப்பிட்டியா, பிள்ளைக்குச் சளி விட்டுதா என்று கேட்கிறாள். மூக்கம்மாளோடு மத்தியானம் முழுக்கக் கொல்லைப்புறத்தில் கதை. எங்கிட்டே? தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், குழம்பு ஊற்றுவாள். நான் கேட்பேன், "ஏளா, போதும்னு சொல்லணுமா, வேணும்னு சொல்லணுமா?" அவள் ஊற்றிவிட்டுப் போவாள்.

மூக்கம்மாளைத் தூது விட்டேன். "எங்கிட்ட ஏன் பேச மாட்டேங்கான்னு கேட்டுச் சொல்லு தாயி."

மறுநாள் பதில் கொண்டுவந்தாள். "கேட்டேன். பேச எடமில்லேங்கா."

எங்கள் வீடு சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு பேர் பேச இடம் இல்லாத அளவுக்கா?

கார்த்திகை மாசம் அது நடந்தது. வழக்கம்போல வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே கோமு, "பருப்பு கடையுதேன். பெருங்காயம் போடுதேன்" என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தாள். என் கை தெரியாமல் கதவுக் கொண்டியில் பட்டுவிட்டது. சின்னச் சத்தம்தான். அப்புறம் அவள் சொன்னாள்:

"கொண்டி சத்தம் கேக்கு. அவுக வாராக. வாய மூடுதேன்."

கோபம் இல்லை தம்பி. வெறுப்பு இல்லை. உப்புப் போடுதேன் என்கிறாளே, அதே குரல். அடுத்த வேலை அதுதான் என்கிற மாதிரி. சொன்னாள், மூடினாள்.

முதலில் மரியாதை என்றுதான் நினைத்தேன். அவுக என்றாளே, அவன் என்று சொல்லவில்லையே. அன்னைக்கு ராத்திரி படுத்தபோதுதான் அந்தப் பொண்ணு சொன்னது ஞாபகம் வந்தது. எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாளோ அது ஊறிப்போகும் என்றதே. அப்படியானால் நான் தினமும் வருகிறேன். தினமும் இவள் இதைச் சொல்கிறாள். அரிசியும் பருப்பும் எப்படிப் படிந்ததோ அப்படி இதுவும் படிந்துகொண்டிருக்கிறது. நான் வந்தால் வாயை மூட வேண்டும் என்பதை என் பொண்டாட்டி பயிற்சி எடுத்துப் படிக்கிறாள். நான் வாசலுக்கு வரவர, அவள் பாடம் முற்றுகிறது.

மறுநாளே ஓடினேன். "யம்மா ஹெப்சி, ஏத்துன பாடத்த எறக்க ஏதாவது வழி இருக்கா?"

அது எல்லாவற்றையும் கேட்டது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டது, பாவம், வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். கேட்டுவிட்டு, "அவங்களுக்குப் பயிற்சி வேண்டாம். உங்களுக்கு ஒண்ணு தாரேன்" என்றது. "அதே பயிற்சிதான். அம்மா பக்கத்துல போயி உக்காருங்க. ‘கேக்கேன், காத்திருக்கேன், பேசாம இருக்கேன்’ அப்படின்னு சொல்லிக்கிட்டே இருங்க. ஆனா மனசுக்குள்ள."

அங்கேதான் இடி விழுந்தது. மனசுக்குள்ளே பேசுவது எப்படி? நான் செய்ததே கிடையாதே. எனக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதென்றால் அது நாக்குக்கு அடியில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அடுப்பங்கரை நிலைப்படியில் உட்கார்ந்தேன். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். கேட்கிறேன், காத்திருக்கிறேன் என்று உள்ளே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வேர்த்துவிட்டது. காது அடைத்துக்கொண்டது. நானே வெடித்துவிடுவேனோ என்று இருந்தது. கடைசியில் மெதுவாக, மிக மெதுவாக, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "கேக்கேன். பேசாம இருக்கேன். நல்லாவே பேசாம இருக்கேன். இதுவரைக்கும் ஒரு வார்த்த பேசல."

கோமு கரண்டியோடு திரும்பினாள்.

என்னைப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்து எத்தனை நாளாயிற்று. கோபமா, பரிதாபமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உதடு அசைந்தது. சத்தியமாக அசைந்தது தம்பி, இது காக்கை கதை இல்லை. "நீ…" என்றாள். நீ என்றாளா, நீங்க என்று வரப்போனதா, தெரியாது. எனக்கென்று ஒரு வார்த்தை புறப்பட்டுவிட்டது, அதுமட்டும் நிச்சயம். எழுந்து நின்றுவிட்டேன்.

"சொல்லு! சொல்லு ளா! நீங்க என்ன? ‘நீங்க சாப்பிடுங்க’வா? ‘நீங்க நல்லாயிருங்க’வா? ‘நீங்க வெளிய போங்க’வா? எதுவானாலும் சொல்லு!"

அவள் அடுப்பை அணைத்தாள். கரண்டியைத் தொட்டியில் போட்டாள். கொல்லைப்புறம் போய்விட்டாள்.

அவசரப்பட்டுவிட்டேன் என்கிறாள் மூக்கம்மாள். ஒரு வருஷமாகக் காத்திருக்கிறவன் எப்படி அவசரக்காரன் ஆவான்? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், நானே சொல்கிறேன். ஆகமாட்டான்.

அதற்கப்புறம் அவள் உதடு எனக்காக அசையவே இல்லை. தை போயிற்று, மாசி போயிற்று, சித்திரை திரும்ப வந்து அதுவும் போயிற்று. நானும் உட்கார்ந்து பார்த்தேன், எழுந்து பார்த்தேன், வாயில் மரப்பாவை அடைத்துக்கொண்டும் பார்த்தேன். மரப்பா கரைந்துவிடுகிறது.

இன்னைக்குக் கடைசித் தடவையாக அந்தப் பொண்ணைப் போய்ப் பார்த்தேன். கோமுவின் காகிதங்களை எல்லாம் கட்டி மேலே வைத்துவிட்டதாம். "அவங்களுக்குக் குணமாயிட்டு ஐயா. இனிமே வர வேண்டாம்" என்றது.

"எங்கிட்ட பேசல. அது எப்படிக் குணம் ஆகும்?"

"அதுக்கு எங்கிட்ட பயிற்சி இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது. அப்புறம் கேட்டது, "அன்னைக்கு நீன்னு ஆரம்பிச்சாங்களே, என்ன சொல்ல வந்திருப்பாங்கன்னு நினைக்கீங்க?"

எனக்கு அதில் யோசனையே இல்லாமலா இருக்கும்? தினமும் அதைத்தானே யோசிக்கிறேன். சாப்பிடுங்க என்று இருக்கலாம் என்றேன். நீங்க பயப்படாதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று இருக்கலாம் என்றேன். இல்லாவிட்டால் நீங்க இல்லாம எனக்குப் பொழுது போகலை என்று இருக்கலாம். அதுதான் பெரும்பாலும்.

"ஐயா, மூணையும் நீங்கதான் சொன்னீங்க" என்றது அந்தப் பொண்ணு. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டது.

அது என்ன பேச்சு? அவள் சொல்லவில்லையே, அப்போது நான்தானே சொல்ல வேண்டும். யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டாமா?

அடடே, ஆலங்குளமே வந்துவிட்டது. கண்டக்டர் கூப்பிடுகிறார் பாருங்க. அவருக்கு என்னைத் தெரியும்.

"வெயிலண்ணே, ஒங்க ஊரு. எறங்கலையா?"

"மணி என்னடே?"

"பதினொன்னே முக்கா."

இந்த நேரத்துக்கு அவள் உலை வடித்துவிட்டு ரசம் தாளித்துக்கொண்டிருப்பாள் தம்பி. ரசம் தாளிக்கும்போதுதான் அவள் அதிகமாகப் பேசுகிற நேரம். போன வாரம் கேட்டேன், அடுப்பிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். என்ன என்று காதில் விழவில்லை. முன்னெல்லாம் வாசல் வரைக்கும் போவேன். இப்போது தெரு முனையிலேயே நின்றுவிடுகிறேன். அங்கேயிருந்து கேட்காது. ஆனாலும் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். நான் கொண்டியில் கை வைத்தால் அது நிற்கும். வைக்காவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். இதுதான் இப்போது எங்கள் குடித்தனம்.

"பாவூர்சத்திரத்துக்கு ஒரு டிக்கெட் போடு. அடுத்த வண்டில திரும்பிக்கிடுதேன்."

கண்டக்டருக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும்.

அதோ கரண்டு எடுக்கிற காற்றாடிகள் தெரிகிறது பாருங்க. அந்த இரண்டாவது காற்றாடி இருக்கிறதே, அது சுற்ற ஆரம்பித்ததே ஒரு தடவை நான் விட்ட… வேண்டாம், அது இன்னொரு நாள். பாவூர்சத்திரம் வரைக்கும் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. பழகுகிறேன். மனசுக்குள்ளேதான். நீங்க ஒரு ஒத்தாசை செய்யுங்க தம்பி, வருகிறதா என்று கவனித்துப் பாருங்க. ஏறின நேரத்திலிருந்து நீங்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன மனுசர் நீங்க, எப்படி இது உங்களுக்கு வருகிறது?

சரி, ஆரம்பிக்கிறேன்.

உக்காந்திருக்கேன். கம்பியப் பிடிச்சிருக்கேன். வெளிய பாக்கேன். காத்தாடி சுத்துது. கோமு ரசம் தாளிக்கா. நான் அங்க இல்ல. கேக்கேன். காத்திருக்கேன். வாய மூடுதேன்.

மூடிட்டேன்.

தம்பி, மூடியிருக்கேனா?